அலுவலக மெயிலுக்கு ஒரு போன்: வாங்கும் நாள் முதல் தொலைந்த நாள் வரை

இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் இன்று மெயில் பெரும்பாலும் போனில்தான் படிக்கப்படுகிறது. விற்பனைக்குப் போனவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கொட்டேஷன் அனுப்புகிறார். கணக்காளர் ஜிஎஸ்டி ஓடிபியை மெயிலில் பார்க்கிறார். அந்தப் பெட்டியில் கடிதங்கள் மட்டும் கிடப்பதில்லை. எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும் புதிய பாஸ்வேர்டுக்கான இணைப்பு அங்கேதான் வந்து விழும். மெயில் திறந்த நிலையில் போன் வேறொருவர் கைக்குப் போனால் டொமைன், வெப்சைட், கிளவுடில் இருக்கும் கணக்குப் புத்தகம் என்று ஒவ்வொரு கதவையும் அவர் தட்டிப் பார்க்கலாம்.

அலுவலக மெயிலையும் அது ஓடும் போன்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்: கொடுக்கும் போன்களில் ஏதோ ஒன்று ஒருநாள் நிச்சயம் தொலையும். அன்றைக்கு அரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும் என்பது, வாங்கிய நாளிலும் மெயில் ஏற்றிய நாளிலும் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

கீழே வரும் படிகள் நிறுவனங்களுக்கான மெயில் சேவைகளான கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் சிறு நிறுவனத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஸோஹோ மெயில் போன்ற மற்ற சேவைகளில் மெனுவின் பெயர் மாறும், செய்ய வேண்டிய வேலை மாறாது.

யாருடைய போன்?

இரண்டு வழி உண்டு. ஊழியரின் சொந்தப் போனிலேயே அலுவலக மெயிலைத் தனிப் பகுதியாக வைப்பது ஒன்று. நிறுவனமே போன் வாங்கி, தொடக்கத்திலிருந்து அதைத் தன் கட்டுப்பாட்டில் வைப்பது மற்றொன்று.

முதலாளி, கணக்குப் பிரிவு, மெயில் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் ஆகியோருக்கு நிறுவனப் போன் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பணம் நகரும் இடமும் எல்லோருடைய கணக்கையும் மாற்றும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மற்றவர்களுக்குச் சொந்தப் போனே போதும், ஆனால் அதில் வொர்க் புரொஃபைல் கட்டாயம். இது ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் வசதி. ஒரே போனுக்குள் அலுவலக ஆப்களுக்குத் தனி அறை கட்டியதுபோல. அந்த அறையின் ஆப்களில் சின்னப் பெட்டி அடையாளம் தெரியும். அறையிலிருந்து வெளியே காப்பி செய்வதையும் பகிர்வதையும் நிறுவனம் தடுக்கலாம். வேலையை விட்டுப் போகும்போது அந்த அறையை மட்டும் இடித்தால் போதும்.

சொந்தப் போன் என்றதும் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, 'என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் ஆபீஸுக்குத் தெரியுமா?' என்பது. நியாயமான கேள்வி. வொர்க் புரொஃபைல் இருந்தால் அட்மினுக்குத் தெரிவது போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் தேதி, கடைசியாக மெயில் ஒத்திசைந்த நேரம், அலுவலகப் பகுதியில் உள்ள ஆப்கள். சொந்தப் படம், குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல் தெரியாது. இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் எந்த நேரமானாலும் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். இன்னொரு நல்ல செய்தியையும் அவர்களிடம் சொல்லலாம்: ஞாயிற்றுக்கிழமை வொர்க் புரொஃபைலை ஒரே பொத்தானில் அணைத்துவிடலாம், அலுவலக மெயில் சத்தம் போடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது இங்கே முக்கியமில்லை. முதலில் கேட்க வேண்டியது, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்பதுதான். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பின் அதை அடைக்கும் அப்டேட் வராத போனில் எந்தப் பூட்டைப் போட்டாலும் பயன் குறைவு.

நிறுவனங்கள் சொல்லும் ஆண்டுக்கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். கூகுள் பிக்சல் 8 வரிசையிலிருந்து (2023) 7 ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசையிலிருந்து (2024) அதே 7 ஆண்டு. நடுத்தர விலையில் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு 6 ஆண்டு. ஐபோனைப் பொறுத்தவரை பழைய நடைமுறையைப் பார்த்துக் கணக்கிடலாம்: 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களுக்கு 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை, ஐபோன் 11-இலிருந்துதான் கிடைத்தது.

புதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆண்டுக்கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. 4 ஆண்டு அப்டேட் உள்ள மாடல் வெளியாகி இரண்டரை ஆண்டு கழித்துத் தீபாவளித் தள்ளுபடியில் வந்தால், உங்களுக்கு மிச்சம் ஒன்றரை ஆண்டுதான். மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று வாங்கிய போனை அடுத்த ஆண்டே மாற்ற வேண்டி வரும். அதனால் விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 18,000 ரூபாய்ப் போனுக்கு 5 ஆண்டு மிச்சம் இருந்தால் ஆண்டுக்கு 3,600. 12,000 ரூபாய்ப் போனுக்கு 2 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 6,000. மலிவானது எது என்று கணக்கே சொல்லிவிடும்.

கடையில் ஓடும் மாதிரிப் போனை எடுத்து, செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்புக்குள் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். இருக்கும் அப்டேட்டை எல்லாம் ஏற்றிய பிறகும் அந்தத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், அந்த மாடலை அதன் நிறுவனம் கவனிப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரேம் 6 ஜிபி, சேமிப்பிடம் 128 ஜிபி என்பதைக் கீழ்வரம்பாக வையுங்கள். வொர்க் புரொஃபைல் போட்டால் சில ஆப்கள் இரண்டு முறை ஓடும், 4 ஜிபி போன் திணறும். மிகக் குறைந்த ரேமுடன் வரும் 'ஆண்ட்ராய்டு கோ' என்ற எளிய பதிப்புப் போன்களில் வொர்க் புரொஃபைலே வராமல் போகலாம்.

கைரேகை உணரி இருக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களின் முகப்பூட்டு சாதாரண முன்கேமராவை மட்டும் நம்புகிறது, நல்ல படம் ஒன்றே அதை ஏமாற்றிவிடக்கூடும். சோதிக்க எளிய வழி உண்டு: போனில் முகத்தைப் பதிந்துவிட்டு ஒரு வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். அது கைரேகையை மட்டும் கேட்டு முகத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், அந்த முகப்பூட்டு வலுக்குறைந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படியான போனில் முகப்பூட்டைப் பயன்படுத்த வேண்டாம். ஐபோனின் ஃபேஸ் ஐடி வேறு வகை, அதை நம்பலாம்.

கூகுள் சேவைகள் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் போன், ரூட் செய்த (ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் தடைகளை நீக்கிய) போன், பில் இல்லாத பழைய போன் மூன்றும் வேண்டாம். பழைய போன்தான் வாங்க முடியும் என்றால், பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். அது தடுக்கப்பட்ட போன் என்றால் அங்கே தெரிந்துவிடும். விற்பவர் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, முகப்புத் திரை வரை போகிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றால், போனைப் பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டு விழுந்திருக்கிறது; கடைக்காரர்கள் சொல்லும் எஃப்ஆர்பி லாக் அதுதான்.

நிறுவனம் முழுவதற்கும் ஒன்று அல்லது இரண்டு மாடல்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மெனு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், நேரில் போகாமல் போனில் பேசியே வழி சொல்லிவிடலாம். கூடவே ஒரே மாடலில் ஒரு போனை உபரியாக வாங்கி அலமாரியில் வையுங்கள். பில் நிறுவனத்தின் பெயரில், ஐஎம்இஐ எண்ணோடு இருக்கட்டும்.

மெயில் ஏற்றுவதற்கு முன்

நிறுவனப் போனை முழுக் கட்டுப்பாட்டில் வைக்க நினைத்தால், பெட்டியிலிருந்து எடுத்ததும் வழக்கம்போலக் கணக்குச் சேர்த்துவிடாதீர்கள். முழு நிர்வாகம் என்பது முதல் அமைப்பின்போது மட்டுமே ஏற்றக்கூடியது. பிறகு ஏற்ற வேண்டுமென்றால் போனைத் துடைத்துவிட்டு, அதாவது உள்ளிருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, தொடங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'வெல்கம்' திரையின் வெற்றிடத்தில் ஒரே இடத்தை ஆறு முறை தட்டினால் க்யூஆர் குறியீட்டை வாசிக்கும் திரை வரும். போன்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் உங்கள் நிர்வாகச் சேவை தரும் குறியீட்டை அங்கே காட்ட வேண்டும். ஐபோன் என்றால் நிறுவனங்களுக்கான ஆப்பிளின் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் வழியாகப் பதிய வேண்டும்.

சொந்தப் போனுக்கு இது தேவையில்லை. இனி வரும் வரிசை இரண்டு வகைக்கும் பொது.

1. இரண்டு ஐஎம்இஐ எண்களையும் (இரட்டை சிம் போனில் சிம் இடத்துக்கு ஒன்று), மாடலையும், யாரிடம் கொடுத்தோம் என்பதையும் ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளை அலுவலகத்தில் வையுங்கள். போனுக்குள் குறித்து வைத்தால் தொலைந்த அன்று கிடைக்காது.

2. வைஃபையில் இணைத்து, 'அப்டேட் இல்லை' என்று வரும்வரை திரும்பத் திரும்ப அப்டேட் செய்யுங்கள். புதுப் போனுக்கு இரண்டு மூன்று சுற்றுகூட ஆகலாம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

3. ஆறு இலக்க பின் வையுங்கள். நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள்தான், ஆறு இலக்கத்தில் 10 லட்சம். பிறந்த தேதியும் வண்டி எண்ணும் வேண்டாம். பேட்டர்ன் வேண்டவே வேண்டாம்: பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை பார்த்தாலே மனதில் நிற்கும், விரல் தடமும் கண்ணாடியில் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வெளிவந்த போன்களில் சேமிப்பிடம் தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பூட்டின் சாவி உங்கள் பின்னோடு பிணைந்தது. பின் இல்லாத போனில் அந்தப் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான்.

4. திரை 30 விநாடியில் அணைந்து, அணைந்ததும் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். பூட்டுத் திரையில் அறிவிப்பு வரட்டும், உள்ளடக்கம் வர வேண்டாம். பூட்டிய போனிலேயே ஓடிபி படிக்க முடிந்தால் திருடனுக்கு பின் தேவைப்படாது.

5. 'தெரியாத ஆப்களை நிறுவு' என்ற அனுமதியை வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அணையுங்கள். தீய ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்புகள்) இந்த வழியாகத்தான் நுழைகின்றன. நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையோ 'அக்ஸசிபிலிட்டி' அனுமதியையோ கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி அவர்களுக்கும் போகும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஏபிகேயாக வராது.

6. சிம்முக்கு பின் போடுங்கள். பலரும் விடும் படி இது. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். சிம் பின் இருந்தால் வராது. முதலில் உங்கள் நெட்வொர்க்கின் ஆரம்ப பின் எது என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் பூட்டிய சிம்மைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும்.

7. தொலைந்த போனைத் தேடும் வசதி, அதாவது ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைண்ட் ஹப், ஐபோனில் ஃபைண்ட் மை, இயங்க வேண்டும். இயக்கியதோடு விடாமல், வேறொரு போனிலிருந்து ஒலிக்கச் செய்து பாருங்கள்.

8. திருட்டுப் பாதுகாப்பை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள் பகுதிக்குள் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' இருக்கும். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும். ஐபோனில் ஐஓஎஸ் 17.3-இலிருந்து 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' உண்டு. பின்னைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் திருடியவரால்கூட, வழக்கமான இடத்துக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை உடனே மாற்ற முடியாது. முகம் அல்லது கைரேகை கேட்கும், ஒரு மணி நேரம் காக்கவும் வைக்கும்.

மெயிலை ஏற்றுவது

ஜிமெயில் சேவைக்கு ஜிமெயில் ஆப், மைக்ரோசாஃப்ட் 365-க்கு அவுட்லுக் ஆப் என்று அந்தந்தச் சேவையின் சொந்த ஆப்பையே பயன்படுத்துங்கள். போனோடு வரும் மெயில் ஆப் அழகாக இருக்கலாம், ஆனால் தொலைவிலிருந்து துடைப்பதும் கண்காணிப்பதும் சொந்த ஆப்பில்தான் ஒழுங்காக நடக்கும். பழைய முறையில் பாஸ்வேர்டை மட்டும் கேட்டு இணையும் ஆப்கள் இப்போது பெரும்பாலும் வேலை செய்வதுமில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த வழியை 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது, கூகுள் வொர்க்ஸ்பேஸ் 2025-இல் மூடியது. பழைய போனில் 'பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் ஏற்கவில்லை' என்று ஒருவர் வந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டொமைனோடு சேர்த்து வாங்கிய சாதாரண ஹோஸ்டிங் மெயில் என்றால் மெயில் பெற ஐமேப் முறையில் 993, அனுப்ப எஸ்எம்டிபி முறையில் 465 அல்லது 587 போர்ட்டுகளை (இணைப்பு எண்களை), மறைகுறியாக்கத்தோடு பயன்படுத்துங்கள். 110 போர்ட்டில் பாப் முறை வேண்டாம். சர்வரிலிருந்து மெயிலை இறக்கிவிட்டு அழிக்கும்படி அமைந்துவிட்டால், போனோடு மெயிலும் போய்விடும். சர்வர் உண்மையானதுதானா என்று சந்தேகிக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாதீர்கள். ரயில் நிலைய வைஃபையில் உண்மையான ஆபத்து அந்த ஒரு பொத்தானில்தான் இருக்கிறது. இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கும்வரை பொது வைஃபைக்காகத் தனியே விபிஎன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் அட்மின் கன்சோலை (அட்மினுக்கான நிர்வாகப் பக்கத்தை) திறந்து, டிவைசஸ், மொபைல் அண்ட் எண்ட்பாயின்ட்ஸ், செட்டிங்ஸ், யுனிவர்சல், ஜெனரல் என்று போனால் மொபைல் நிர்வாகம் தெரியும். 'பேசிக்' எல்லாத் திட்டத்திலும் கிடைக்கும். திரைப்பூட்டைக் கட்டாயமாக்கலாம், அலுவலகக் கணக்கைத் தொலைவிலிருந்து துடைக்கலாம். வொர்க் புரொஃபைலுக்கு 'அட்வான்ஸ்டு' வேண்டும், அது பிசினஸ் ஸ்டார்ட்டர், ஸ்டாண்டர்டு திட்டங்களில் இல்லை, பிசினஸ் பிளஸ்ஸில் உண்டு. மைக்ரோசாஃப்டில் இதற்குரிய இன்ட்யூன், பிசினஸ் பிரீமியம் திட்டத்தோடு வருகிறது. இருபது பேருக்கும் உயர்ந்த திட்டம் எடுக்கப் பணம் இல்லையென்றால், பேசிக் நிர்வாகத்தோடு ஆறு இலக்க பின்னையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயமாக்குங்கள். பாதிக் கிணற்றை அதிலேயே தாண்டிவிடலாம்.

ஐபோன்களை அட்வான்ஸ்டில் சேர்க்க ஆப்பிளிடமிருந்து ஒரு புஷ் சான்றிதழ் (ஐபோன்களுக்குக் கட்டளை அனுப்ப நிர்வாகச் சேவைக்குத் தரும் அனுமதி) வாங்க வேண்டும். அது ஓராண்டுதான் செல்லும். அதே ஆப்பிள் கணக்கில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். ஓர் ஊழியரின் சொந்தக் கணக்கில் எடுத்துவிட்டு அவர் போன பிறகு புதிதாக எடுத்தால், எல்லா ஐபோன்களையும் முதலிலிருந்து சேர்க்க நேரும். நிறுவனத்தின் பொது முகவரியில் ஆப்பிள் கணக்கு திறந்து எடுங்கள், காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டல் வையுங்கள்.

அட்வான்ஸ்டு நிர்வாகத்தில் சேர்த்த ஆண்ட்ராய்டில், செட்டிங்ஸில் 'கணக்குச் சேர்' வழியாக அலுவலகக் கூகுள் கணக்கைக் கொடுத்தாலே வொர்க் புரொஃபைல் அமைப்பு தானாகத் தொடங்கும். பாதியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, போனில் 'செகண்ட் ஸ்பேஸ்', 'டூயல் ஆப்ஸ்' போன்றவை இயங்குகின்றனவா என்பது. அவையும் இதே இடத்தைப் பிடிப்பதால் மோதும். அவற்றை நீக்கி, போனை அணைத்துப் போட்டு மீண்டும் முயலுங்கள்.

அடுத்த புகார் 'மெயில் மணிக்கணக்காகத் தாமதமாக வருகிறது' என்பது. ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் பேட்டரியைச் சேமிக்க ஆப்களைப் பின்னணியில் நிறுத்திவிடுவார்கள். மெயில் ஆப்புக்கு 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுத்து, பேட்டரி கட்டுப்பாட்டை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள்.

ஜிமெயில் ஆப்பில் எத்தனை நாள் மெயிலைப் போனில் வைப்பது என்ற அமைப்பு 30 நாளாக இருக்கும். அப்படியே விடுங்கள். பழைய மெயிலைத் தேடினால் சர்வரிலிருந்து வரும். போனில் ஐந்தாண்டுக் கடிதங்கள் கிடக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு

குறுஞ்செய்தி ஓடிபியைவிட, போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆதன்டிகேட்டர் ஆப் மேல், அதைவிட பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தின் பூட்டைத் திறந்து நுழையும் முறை) யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் மேல். அட்மினாக இருவரை வைத்து, ஆளுக்கு இரண்டு யூஎஸ்பி-சி சாவி வாங்குங்கள். ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று அலுவலகப் பெட்டகத்தில். அட்மின் ஒருவர் மட்டும் இருக்கும் நிறுவனத்தில் அவர் போன் தொலைந்தால் துடைக்கும் பொத்தானை அழுத்தவே ஆள் இருக்காது.

கூகுளில் ஒவ்வொருவருக்கும் 8 இலக்கத்தில் 10 மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம். அச்சிட்டு, உறையில் போட்டு, பெயர் எழுதி அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். கட்டாயமாக்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, எல்லோரும் பதிந்துவிட்டார்களா என்று அறிக்கையில் பாருங்கள். பதியாதவர் அழுத்திய நொடியிலிருந்து வெளியே நிற்பார், பெரும்பாலும் அவர் அன்றைக்கு வெளியூரில் இருப்பார்.

போன் திரை மறைக்கும் முகவரி

கம்ப்யூட்டரில் அனுப்புநரின் முழு முகவரி கண்ணில் படும். போனில் பெயர் மட்டும்தான் தெரியும். ஏற்றுமதி, மொத்த வியாபார நிறுவனங்களில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று வரும் போலி மெயில்கள் இந்தக் குறையைத்தான் பயன்படுத்துகின்றன. பெயரைத் தட்டினால் முகவரி விரியும். ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது டொமைனே வேறாக இருக்கும். கணக்கு எண் மாற்றம் எதையும் போனில் படித்த மெயிலை வைத்துச் செய்யக் கூடாது என்று விதி போடுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அழைத்துப் பேசிய பிறகே மாற்ற வேண்டும், மெயிலில் கொடுத்த எண்ணுக்கு அழைப்பது சரிபார்ப்பு ஆகாது.

தொலைந்த அன்று

வரிசை முக்கியம். பதற்றத்தில் எல்லோரும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், அல்லது கணக்கையே முடக்குவார்கள். அப்படிச் செய்தால் துடைக்கச் சொல்லும் கட்டளை போனுக்குப் போய்ச் சேராமல் போகலாம், ஏனென்றால் போன் சர்வரோடு பேசுவதே அந்தக் கணக்கின் வழியாகத்தான்.

போன் பூட்டிய நிலையில் தொலைந்திருந்தால் (பஸ்ஸில் விட்டது, பையிலிருந்து விழுந்தது):

1. அட்மின் கன்சோலில் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்து அலுவலகக் கணக்கைத் துடைக்கக் கட்டளை இடுங்கள். சொந்தப் போன் என்றால் 'கணக்கை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்டின் இணைப்பு முறையில் போனின் சொந்த மெயில் ஆப்பில் இணைத்திருந்தால், முழுத் துடைப்பு ஊழியரின் குழந்தைப் படங்களையும் சேர்த்து அழித்துவிடும்.
2. ஃபைண்ட் ஹப் அல்லது ஃபைண்ட் மை வழியாகத் தொலைந்த போன் என்று குறித்துப் பூட்டுங்கள்.
3. பிறகு எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றுங்கள். கூகுளில் பயனரின் பாதுகாப்புப் பக்கத்தில் 'சைன்-இன் குக்கீஸ்' ரீசெட், மைக்ரோசாஃப்டில் 'எல்லா செஷனிலிருந்தும் வெளியேற்று'. மைக்ரோசாஃப்டில் முழுமையாக நடைமுறைக்கு வர ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.
4. பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

திறந்த நிலையில் கையிலிருந்து பறித்துப் போயிருந்தால் வரிசை தலைகீழ். திருடன் இந்த நிமிடமே மெயிலைப் படித்துக்கொண்டிருக்கலாம். முதலில் வெளியேற்றம், பாஸ்வேர்டு, பிறகுதான் மற்றவை.

இரண்டு நிலையிலும் அடுத்து சிம். நெட்வொர்க்கை அழைத்து முடக்கி, மாற்று சிம் வாங்குங்கள். மாற்று சிம் இயங்கிய பின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த தடை அது. குறுஞ்செய்தி ஓடிபியை மட்டும் நம்பியிருப்பவர் அந்த ஒரு நாள் எதற்குள்ளும் நுழைய முடியாது. உறையில் வைத்த மாற்றுக் குறியீடுகள் அப்போதுதான் பயன்படும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதையும் ஐஎம்இஐ எண்ணையும் அடையாளச் சான்றையும் வைத்துச் சஞ்சார் சாத்தியின் சிஇஐஆர் (தொலைந்த போன்களைத் தடுக்கும்) பகுதியில் போனைத் தடுக்கக் கோரலாம். நாடு முழுவதற்கும் 2023 மே மாதத்திலிருந்து இது நடப்பில் இருக்கிறது. தடுத்துவிட்டால் இந்திய நெட்வொர்க்குகளில் எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. ஆனால் துடைக்கும் கட்டளை போய்ச் சேர போனுக்கு இணையம் வேண்டும். அதனால் துடைப்பு முடிந்ததா என்று கன்சோலில் பார்த்துவிட்டு, அல்லது ஒரு நாள் பொறுத்துவிட்டுத் தடுப்பது நல்லது. பணம் போயிருந்தால் பொறுக்க வேண்டாம், சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

யாரோ மெயிலுக்குள் நுழைந்தது உறுதியானால், கம்ப்யூட்டரில் மெயிலின் ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். போன் ஆப்பில் இவை சரியாகத் தெரியாது. 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயில்களை வெளியே அனுப்பிவிட்டு இங்கே அழிக்கும் ஃபில்டர் ஒன்று இருந்தால், பாஸ்வேர்டு மாற்றியும் கசிவு நிற்காது. இப்படியான ஊடுருவலை, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-இல் வந்த உத்தரவு. சிறு நிறுவனம் என்பதால் விலக்கு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, வேலையை விட்டுப் போகும்போது

திரை உடைந்து சர்வீஸ் கடைக்குப் போகும் போனோடு பின்னையும் ஒட்டுத்தாளில் எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' உண்டு. அதைப் போட்டால் கடைக்காரரால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் தரவைப் பார்க்க முடியாது. அந்த வசதி இல்லாத போனில் அலுவலகக் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுத்து, வந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டுப் போகிறவர் நிறுவனப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் எதிரிலேயே செட்டிங்ஸில் அவருடைய சொந்தக் கூகுள் கணக்கையும், ஐபோன் என்றால் ஃபைண்ட் மையையும் நீக்கச் சொல்லி, அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால் எஃப்ஆர்பி லாக் விழும். ஐபோனில் அதே போன்ற ஆக்டிவேஷன் லாக் விழும். போன வேலையாளைத் தேடிப் பிடித்து பாஸ்வேர்டு கேட்க வேண்டி வரும். சொந்தப் போன் என்றால் கன்சோலிலிருந்து கணக்கைத் துடைத்து, அவர் போனில் பெட்டி அடையாளம் போட்ட ஆப்கள் மறைந்துவிட்டனவா என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். மெயில் கணக்கை முடக்குவது அதற்குப் பிறகு.

அலமாரியில் ஓர் உபரிப் போன் வைக்கச் சொன்னோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு சோதனைக் கணக்கை ஏற்றி, இரண்டாம் அட்மினை விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துடைக்கச் சொல்லுங்கள். கட்டளை கொடுத்ததிலிருந்து மெயில் மறையும்வரை எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஐஎம்இஐ தாளின் ஓரத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.